சேவலின் முதுகுப் பக்கம்

தலைவர் அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்து, வாசித்ததற்குச் சிரித்தும்விட்டு, அதன் பிறகு சொன்னீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. சங்கத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், பல் வைத்தியருக்குப் பக்கத்தில் இரண்டு அறைகளை எடுத்து, அதற்கு நினைவுக்கூடம் என்று பலகை மாட்டி வைத்திருக்கிறவர் நீங்கள்தான். அது உங்களுக்குத் தெரியும். உங்களைத் தெரிந்தவர்களுக்கும் தெரியும். போதும்.

அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு விளக்கு. கீழே ஓர் அட்டை. யாழ்ப்பாணத்து முருகன் கோயில் ஒன்றில் எரிந்த மண் விளக்கு, முந்நூறு வருடப் பழமையானது, யுத்தத்தின்போது காப்பாற்றிக் கொண்டுவரப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது.

அது விளக்கே இல்லை. மெழுகுதிரி நிறுத்தி வைக்கிற தண்டு. இங்கிலாந்தில் செய்தது. அது கோயிலையும் கண்டதில்லை, யாழ்ப்பாணத்தையும் கண்டதில்லை, யுத்தத்தையும் கண்டதில்லை. முன்பு நான் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில், என் வீட்டுக்கு எதிர்க்கதவில் இருந்த ஓர் இங்கிலாந்து மனுசியின் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. அங்கிருந்து என்னிடம் வந்தது. என்னிடமிருந்து உங்களிடம் வந்தது. யாராவது அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள் என்றால் அது நான்தான். கம்பளித் தொப்பி ஒன்றுக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

நான் எழுதுகிற ஆள் இல்லை. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். கோபம் வந்தால் சத்தம் போடத்தான் தெரியும். கூடத்தில் வைத்துச் சத்தம் போட்டேன். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன். அட்டையில் இல்லாத எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அதன் அடி, மணி ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி அகன்றிருக்கும். மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரு சின்னக் கிண்ணம். உருகி வழிகிற மெழுகு அந்தக் கிண்ணத்தில் தங்கும். கிண்ணத்தின் நடுவில் மெழுகுதிரி செருகுகிற குழி. பக்கத்தில் விரல் நுழைத்துத் தூக்க ஒரு காது. களி சிவப்பு. அந்தச் சிவப்புக் களிமண்ணை வனைந்து, அது முழுதாகக் காய முதல், கூழ்ப் பதத்தில் கரைத்த வெள்ளைக் களிக்குள் தோய்த்து எடுப்பார்களாம். வெள்ளைத்தோல் போட்ட மாதிரி ஆகிவிடும். பிறகு ஆணி மாதிரி ஒன்றால் அந்தத் தோலைக் கீறினால், கீறின இடமெல்லாம் உள்ளே இருக்கிற சிவப்புத் தெரியும். அப்படிக் கீறித்தான் படம் போடுவது. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. சுட்டு எடுத்தால் வெள்ளை, நெய் நிறத்துக்கு வந்துவிடும்.

முன்பக்கத்தில் ஒரு சேவல் கீறியிருக்கிறது. கறுப்பும் பச்சையும் தீட்டிய வால். வாலில் விரலை வைத்துத் தடவினால் கோடுகள் பள்ளமாகத் தட்டுப்படும். நான் எத்தனையோ தரம் தடவியிருக்கிறேன்.

பின்பக்கத்தில், காதுக்குக் கீழே, அதே ஆணியால் கீறின இங்கிலீஷ் எழுத்து. கோணல் எழுத்து. அதன் அர்த்தம் இது: என்னை எடுத்தவர் எடுத்த இடத்தில் திருப்பி வைக்கவும்.

எதிர்வீட்டு மனுசிக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஆகாது. கணவரும் நானும் கைக்குழந்தையும் அகதியாக வந்து இறங்கிய கட்டடம் அது. அவர் அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முதலே அங்கே இருந்தவர். தனி ஆள். ஒரு வங்கியில் தட்டச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் கருவாடு பொரித்தால் மணம் உள்ளே வராமல் அவர் தன் கதவுக்குக் கீழே ஈரத்துவாயை அடைப்பார். கட்டடம் பார்க்கிறவரிடம் இரண்டு தரம் போய் முறையிட்டார். எலிவேற்றரில் கண்டால் நான் கூரையைப் பார்ப்பேன், அவர் நிலத்தைப் பார்ப்பார்.

ஒரு குளிர்காலம், ஐஸ் மழை பெய்து கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. பின்னேரம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. எலிவேற்றர் இல்லை. எங்கள் மாடிக்குத் தண்ணீரும் ஏறவில்லை. கணவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அந்த மனுசி, மேல்கோட்டோடு, கையில் இந்தத் தண்டு.

அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உன்னிடம் மெழுகுதிரி இருக்கிறதா? என்னிடம் இது இருக்கிறது, திரி இல்லை" என்றார். பிறகு, "நீ சமைக்கிற மீன் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை" என்றார். இருட்டில் வந்து கடன் கேட்கிற ஆள் பேசுகிற பேச்சா அது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்னிடம் மெழுகுதிரி இருந்தது. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், தீவுப்பகுதி ஆட்கள். கோயிலில் மந்திரித்துத் தந்த மெழுகுதிரி வீட்டில் எப்போதும் இருக்கும். அது தடிப்பு, குழிக்குள் இறங்கவில்லை. மரக்கறி வெட்டுகிற கத்தியால் அடியைச் சீவி இறக்கினேன். என் குசினி மேசையில் வைத்துக் கொளுத்தினோம். ஒரு மெழுகுதிரி இரண்டு வீட்டுக்குக் காணாது. அதனால் நான் ஒரு ஜாம் போத்தலைக் கழுவி எடுத்து இன்னொரு விளக்குச் செய்தேன்.

ஜாம் போத்தல் விளக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்தத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஊருக்குள் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மின்சாரம் என்பதை மறந்தே போனோம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய், வளைத்த கம்பி ஒன்றில் பஞ்சுத் திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்று அணைக்காது, எண்ணெய் மிச்சப்படும். அந்த வெளிச்சத்தில்தான் நான் சோதனைக்குப் படித்தேன், அம்மா பிட்டு அவித்தா, பங்கருக்குள் இறங்கும்போதும் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த யாரையும் கேளுங்கள். இந்து, வேதம், பணக்காரர், ஏழை எல்லார் வீட்டிலும் அதுதான் எரிந்தது.

மனுசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார்.

"தெரியாது. எல்லாரும் செய்தார்கள்" என்றேன்.

"நல்ல மூளை" என்றார். பிறகு தன்னுடையதைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்தின் தென்மேற்கில், கடலோரத்தில், அவர் பிறந்த இடம். கடற்கரைக்கு விடுமுறைக்கு வருகிற சனம் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று இந்த மாதிரித் தண்டுகளைக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களாம். மலிவுச் சாமான். அவர்களுடைய வீட்டில் மேல்மாடிக்கு மின்சாரம் இல்லாததால், படுக்கப் போகிறவர் இப்படி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு மேலே போவது. மேலே கொண்டுபோன தண்டைக் காலையில் ஒருவரும் கீழே கொண்டுவர மாட்டார்கள். அவருடைய தாய் ஒவ்வொரு பின்னேரமும் அதற்குக் கத்துவாவாம். ஒருநாள் கடையில் இந்த எழுத்தைக் கண்டதும், தான் கத்துவதை இனி இது கத்தட்டும் என்று சொல்லி வாங்கிவந்தாவாம். அவ்வளவுதான் அதன் சரித்திரம்.

அன்றைக்கு நாங்கள் பெரிய சிநேகிதிகள் ஆகவில்லை. கரண்ட் வந்ததும் அவர் தண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லவும் மறந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஈரத்துவாய் வைக்கவில்லை. எலிவேற்றரில் கதைத்தோம். வருடங்கள் போக, நான் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். என் மகளுக்கு அவர் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். என் கணவர் செத்த வீட்டில், கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, முன்வரிசையில், கடைசி ஆள் போகும்வரை இருந்தவர் அவர். சொந்தக்காரர் பலர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு அவரை விட்பியில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். தூரத்து உறவு ஒருவர் வந்து வீட்டைக் காலி செய்தார். பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. தண்டை மனுசி தன் கையால் என்னிடம் தந்தார். "அங்கே மெழுகுதிரி கொளுத்த விடமாட்டார்களாம். நீ வைத்திரு. யாராவது பார்த்தால் யாருடையது என்று சொல்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. யாருடையது என்று சொல். அவ்வளவுதான்.

நானும் மகளும் ஸ்காபரோவுக்கு மாறினோம். தண்டும் வந்தது.

போன வருடம் நீங்கள் வானொலியில் வந்து கேட்டீர்கள், தலைவர் அண்ணை. எங்கள் வீடுகளில் எரிந்த வெளிச்சங்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போகிறோம், சாமான் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள் என்று. நான் சந்தோசப்பட்டேன். இரவு இருந்து ஒரு ஜாம் போத்தல் விளக்குச் செய்தேன். கம்பி வளைப்பதற்குக் கை மறக்கவில்லை. அதையும் மனுசியின் தண்டையும் கொண்டுவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன், அன்றைக்கு என் மேசையில் இருந்த மாதிரி.

நீங்கள் தண்டைக் கையில் எடுத்தீர்கள். "ஆ, தங்கச்சி, சேவல் எல்லாம் போட்டுக் கிடக்கு" என்றீர்கள்.

"ஓம் அண்ணை. உது இங்கிலாந்துச் சாமான். என்ர எதிர்வீட்டு மனுசி தந்தது. அங்கால பக்கம் எழுத்து இருக்கு, பாருங்கோ."

நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருப்பி, வாசித்தீர்கள். உங்கள் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு சிரித்தீர்கள். "வெள்ளைக்காரியும் எங்கட அம்மா மாதிரித்தான் ஏசியிருக்கிறாள்" என்றீர்கள்.

ஜாம் போத்தலை எடுத்தீர்கள். "உதென்ன, ஊறுகாய்ப் போத்தலோ?"

"ஜாம் போத்தல் விளக்கு அண்ணை. தெரியாதோ?"

"நான் சண்டை துவங்க முதலே வெளிக்கிட்டிட்டன், தங்கச்சி. உதுகள் எனக்குத் தெரியாது."

நினைவுக்கூடத்தின் தலைவருக்கு அது தெரியாது. அப்போது எனக்கு அதில் ஒன்றும் பிழையாகப் படவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. நான் விளங்கப்படுத்தினேன். நீங்கள் தலையாட்டினீர்கள். "மனுசியின்ர பெயரையும் போடுறம், கவலைப்படாதேங்கோ" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினீர்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே ரெயில் எடுத்து விட்பிக்குப் போய் மனுசியிடம் சொன்னேன். உங்கள் பெயர் போடப் போகிறார்கள் என்று. அவர் தலையணையில் நிமிர்ந்து இருந்து, "முழுப் பெயரையுமா?" என்று கேட்டார்.

திறப்பு விழா அன்றைக்கு நானும் மகளும் உடுத்திக்கொண்டு வந்தோம். படிக்கட்டுவரை சனம். மேலே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பட்டுத்துணி, பட்டுத்துணியில் மனுசியின் தண்டு. உச்சிக் கிண்ணத்தில் எண்ணெய் விட்டு, மெழுகுதிரிக் குழிக்குள் பஞ்சை அடைத்து, திரி போட்டிருந்தார்கள். அட்டையை வாசித்தேன். விளங்கவில்லை. இன்னொருதரம் வாசித்தேன்.

மகள்தான் முதலில் கண்டாள். இங்கே பிறந்தவளைப் போலத்தான் அவள் பேச்சு. "அம்மா, அவையள் அதை லிற்றரலி தூணுக்குப் பக்கமாத் திருப்பி வைச்சிருக்கினம். எழுத்து இருக்கிற சைட் தெரியேல்ல."

பெட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுற்ற முடியாது. மற்றப் பெட்டிகள் எல்லாம் நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கக்கூடிய மாதிரி நிற்கும்போது, இது மட்டும் கூடத்தின் நடுத்தூணோடு ஒட்டி நின்றது. சேவல் சனத்தைப் பார்த்தது. எழுத்து தூணைப் பார்த்தது. இது தற்செயல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பெட்டியைத் தூணோடு ஒட்டச் சொன்னவருக்கு எழுத்து எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறது.

எனக்கு முன்னால் ஒரு வயது போன அம்மா நின்றா. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அழுதா. "எங்கட வீட்டுச் சாமியறையில இதே மாதிரி ஒண்டு இருந்தது, பிள்ளை. இதே சேவல். செல் விழுந்து எல்லாம் போட்டுது" என்று எனக்குச் சொன்னா. அவவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ பொய் சொல்லவில்லை. அவவுக்கு உண்மையில் அப்படித்தான் ஞாபகம் வந்திருக்கும். அந்த அம்மாவின் கண்ணீரை எடுத்துக்கொண்டது நீங்கள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் உங்களிடம் வந்தேன். மாலை போட்டுக்கொண்டு நின்றீர்கள். "அண்ணை, உது பிழை. அட்டையை எடுங்கோ" என்றேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்ற அரசியல்வாதியைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகுதான் சத்தமாகச் சொன்னேன். இது இங்கிலாந்துச் சாமான், நான் தந்தது, பின்னால் இங்கிலீஷ் எழுதியிருக்கிறது, திருப்பிப் பாருங்கள் என்று.

உங்கள் செயற்குழுப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தா. "அக்கா, இண்டைக்கு ஒரு நாள் வாயை மூடுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். அதுக்குத்தானே கண்காட்சி."

பின்னால் இருந்து ஓர் ஆண் குரல்: "வேதக்காரிக்கு முருகன்ர சேவலில என்ன வேலை?"

சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் திரும்பி, "எங்கட வேதத்திலயும் ஒரு சேவல் இருக்கு. அது பொய் சொன்னவனுக்குத்தான் கூவினது" என்றேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் என்னைப் படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

படிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி மேசை. அதில் என் ஜாம் போத்தல் இருந்தது. கம்பியைப் பிடுங்கி, கழுவி, சீனி போட்டு, ஒரு பிளாஸ்ரிக் கரண்டி குத்தி வைத்திருந்தார்கள். லேபிளைச் சுரண்டின அடையாளத்தை வைத்து அது என்னுடையதுதான் என்று அறிந்தேன். மகளும் அறிந்தாள். "அம்மா, வா, போவம்" என்றாள். சீனியைக் கொட்டிவிட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆம், கொட்டினேன். மேசைச்சீலையில்தான் கொட்டினேன். அதைத்தான் பிறகு நீங்கள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தீர்கள், ஒரு பைத்தியக்காரி வந்து சீனியைக் கொட்டினாள் என்று. எதற்காகக் கொட்டினாள் என்று சொல்லவில்லை.

நாங்கள் அந்த வருடங்களில் உண்மையாக எரித்த விளக்கு உங்களுக்குச் சீனிப் போத்தல். ஒருநாளும் எங்கள் வீட்டில் எரியாத ஒன்று உங்களுக்குக் கோயில் விளக்கு. இதை நான் வேறு எப்படிச் சொல்வது? நாகரிகமாகச் சொல்ல எனக்கு வராது.

இரண்டு நாள் கழித்து நீங்களே ரெலிபோன் எடுத்தீர்கள். குரல் மெதுவாக இருந்தது. நியாயமாக அதையும் எழுதுகிறேன்.

"தங்கச்சி, யோசிச்சுப் பாருங்கோ. எங்களிட்ட என்ன கிடக்கு? நூலகம் எரிஞ்சுது, வீடு எரிஞ்சுது, கோயில் எரிஞ்சுது. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குக் காட்ட ஒரு வடிவான சாமான் இல்லை. மற்றச் சனங்கள் எல்லாம் மியூசியம் வைச்சிருக்கினம். நாங்கள் ஜாம் போத்தலையே காட்டுறது?"

"ஓம். அதைத்தான் காட்டோணும்."

"அது பிச்சைக்காரத்தனமாக் கிடக்கும்."

"நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள், அண்ணை. நீங்கள்தான் இருக்கேல்ல."

 நீங்கள் பேச்சை மாற்றி, "அந்த அம்மா அழுததைப் பாத்தனீங்கள்தானே? அவவிட்டப் போய் உது இங்கிலீஷ்காரன்ர எண்டு சொல்லுவீங்களோ?" என்றீர்கள்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஒத்துக்கொள்கிறேன். பல நாட்கள் அதை யோசித்தேன். சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டு அதையே யோசித்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. எரிந்துபோன எங்கள் சாமான்களுக்காக அழுகிறவர் நீங்கள் என்றால், உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்த ஒரு போத்தலுக்குச் சீனி போட்டிருக்க மாட்டீர்கள். எரிந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் வடிவான எதையும் அந்த இடத்தில் வைக்கலாம் என்று நினைத்தீர்கள்.

தண்டைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். "அது இப்ப சங்கத்தின்ர சொத்து" என்றீர்கள். நான் காட்சிக்கு வைக்கத் தந்தேன். சொந்தமாக்கத் தரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். வெள்ளிக்கிழமைகளில் சனம் வந்து விளக்கேற்றத் தொடங்கியது. பெட்டியின் கதவைத் திறந்து வைத்தீர்கள். உண்டியல் ஒன்றும் வந்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை, அது உங்கள் மனச்சாட்சி. நான் தண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது எண்ணெய்க்குச் செய்த சாமான் இல்லை. உச்சிக் கிண்ணத்தில் பூச்சு உடைந்த ஒரு சின்ன இடம் உண்டு. அதற்குள்ளால் எண்ணெய் களிக்குள் இறங்கும். சுவாலை கிண்ணத்தின் விளிம்பைச் சுடும். வெள்ளைத்தோல் பொரிந்து எழும்பும்.

மகளின் சிநேகிதி ஒருத்தி தைப்பூசத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மினுக்கம் எல்லாம் செத்திருந்தது. கேட்டால், தைப்பூசத்துக்கு முதல் நாள் பெண்கள் கூடி விளக்குகளை எல்லாம் மினுக்கினார்களாம். குத்துவிளக்கோடு சேர்த்து இதையும், பெட்டியை விட்டு எடுக்காமலே, புளி பூசி, பாத்திரம் தேய்க்கிற இரும்புத் தும்பால் தேய்த்திருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. கோயில் விளக்கு என்று சொன்னால் யாரும் புளி போட்டுத்தான் தேய்ப்பார்கள். ஆணியால் கீறின கோட்டின்மேல் இரும்புத் தும்பு போனால் என்ன மிஞ்சும்? சேவலுக்கு இப்போது வால் இல்லை. கறுப்பும் பச்சையுமாக இருந்த இடத்தில் வெறும் சிவப்புக் களி தெரிகிறது.

எழுத்துப் பக்கம் மட்டும் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவருக்கும் தெரியாத பக்கத்தை யார் மினுக்குவார்கள்?

போன மாதம் விட்பிக்குப் போனேன். போகாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். மனுசி நன்றாக இளைத்துவிட்டார். ஆனால் மூளை அப்படியே இருக்கிறது. "என் சேவல் எப்படி இருக்கிறது? சக்கர நாற்காலியில் கொண்டுபோனால் நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முருகனுக்குச் சேவற்கொடி என்று விளங்கப்படுத்தினேன். அவர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். "கடற்கரைக் கடைச் சாமானுக்குக் கும்பிடா? அம்மா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?"

"ஒன்றும் எழுதவில்லை."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே புது வீடுகள், எல்லாம் ஒரே நிறம். "உன் போத்தலை எங்கே வைத்தார்கள்?" என்று கேட்டார்.

"சீனி போட்டார்கள்."

அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. தன் பெயர் இல்லை என்பதற்கு வராத கோபம். முகம் சிவந்து, போர்வையைத் தள்ளி, தாதியைக் கூப்பிடுகிற மணியையே அழுத்தப் போனார், ஏதோ தாதி வந்து உங்களுக்கு அடி போடுவாள் என்ற மாதிரி. "அன்றைக்கு இரண்டில் அதுதான் நன்றாக எரிந்தது" என்றார். "என்னுடையது புகைத்தது. நீ மறந்துவிட்டாயா?"

நான் மறக்கவில்லை. மந்திரித்த மெழுகுதிரி சீவலில் கோணலாக இறங்கியிருந்தது. புகைத்தது.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கும்போதே அதைக் கொண்டுவந்து காட்டு. வால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். வைத்தியர்கள் சொல்வதைப் பார்த்தால் அவருக்கு அடுத்த குளிர்காலம் இல்லை.

தலைவர் அண்ணை, உங்கள் வருடாந்தக் கூட்டம் வருகிறது. நான் வருவேன். சத்தம் போட மாட்டேன். கடைசி வரிசையில், ஜாம் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். இந்த முறை என்னைப் படிவரை கூட்டிக்கொண்டு போக ஆள் அனுப்பாதீர்கள். இதை வாசித்த எல்லாரும் என்னைத் தேடிப் பார்ப்பார்கள்.

ரெலிபோனில் மெதுவாகக் கதைக்கிற கதை இனி எனக்கு வேண்டாம். செயற்குழுப் பெண்ணைத் தூது அனுப்ப வேண்டாம். சங்கத்துச் சனம் முழுக்க இருக்கும்போது, அந்த அம்மாவும் முன்வரிசையில் இருக்கும்போது, ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நில்லுங்கள். பெட்டியைத் திறவுங்கள். தண்டைத் தூணிலிருந்து இந்தப் பக்கம் திருப்புங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்னால் கீறியிருப்பதை அன்றைக்கு எனக்கு முன்னால் வாசித்த மாதிரியே வாசியுங்கள். இந்த முறை வாயை மட்டும் அசைக்காமல் சத்தமாக வாசியுங்கள். தமிழிலும் சொல்லுங்கள்.

வாசித்து முடித்ததும் எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: இதை எடுத்தது யார்? எடுத்த இடம் எது? எப்போது திருப்பி வைக்கப் போகிறீர்கள்?